விஷக் கொலைகள், தூக்குமேடை, ஒரு பென்னி தாள்கள்: உதவி தேவை

நண்பர்களே, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொது இடத்தில் தூக்கிலிடும்போது கூட்டத்துக்குள் விற்ற மலிவுத் தாள்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வில்லியம் பால்மர் வழக்குதான் மையம். ரூஜ்லி ஊர் டாக்டர், குதிரைப் பந்தயக் கடனில் மூழ்கியவர், 1855 நவம்பரில் பந்தய நண்பர் ஜான் குக்கை ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் கொடுத்துக் கொன்றதாகத் தீர்ப்பானது, 1856 ஜூன் 14 அன்று ஸ்டாஃபோர்டு சிறை முன்னால் பெருங்கூட்டம் பார்க்கத் தூக்கில் போட்டார்கள். குக்கின் உடலில் ஸ்ட்ரிக்னின் அகப்படவே இல்லை, அதுதான் வழக்கின் பெரிய வேடிக்கை.

இந்தத் தாள்களில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஒரு படம், விசாரணைச் சுருக்கம், கீழே கைதியே அழுது பாடுவதுபோல ஒரு பாட்டு இருக்கும். லண்டனின் செவன் டயல்ஸ் பகுதி அச்சகங்களில் ஒரே படத்தையே வெவ்வேறு கைதிகளுக்கும் போட்டார்களாம், ‘கடைசி வாக்குமூல’த்தைக் கயிறு இறுகும் முன்பே அச்சடித்தும் விடுவார்கள். நல்ல வியாபாரம்!

ஹார்வர்டு சட்ட நூலகத்தின் இணையத் தொகுப்பைப் பார்த்துவிட்டேன். பால்மர் பற்றிய தாள்கள் வேறு எங்கே முழுதாகப் படிக்கக் கிடைக்கும்? அப்புறம், நம்மூர்க் கொலைச்சிந்துகளோடு (கொலை வழக்குகளைப் பாட்டாக்கி அச்சடித்த மலிவு வெளியீடுகள்) ஒப்பிட ஆசை. விஷம் வைத்த வழக்கைப் பாடும் பழைய சிந்து யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், அட்டையையும் அச்சகப் பெயர் உள்ள பக்கத்தையும் படமெடுத்து இங்கே போடுங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.