சைக்கிளுக்குத் துண்டு தந்தவை

ஒத்தக்கடை குமாஸ்தா:
ராணுவக் காவல் பற்றி நேரில் பார்த்தவங்க எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. நான் பார்த்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான்.

2004-ல ஹைகோர்ட் கிளை மதுரைக்கு வந்ததிலிருந்து இங்கே வக்கீல் குமாஸ்தா. ஹெச்.சி.பி. (ஆட்கொணர்வு மனு) கட்டு கட்டியே கை காய்ச்சுப்போச்சு. பாதி குண்டாஸ் கேஸ், மீதி 'என் பொண்ணைக் காணோம்'னு அப்பன்மார் போடுறது. கோர்ட் சொன்னா போலீஸ் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆட்கொணர்வு மனுன்னா அவ்வளவுதான்னு நினைச்சிருந்தேன்.

ரெண்டு வருஷம் முந்தி ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து (இப்போ மறுவாழ்வு முகாம்னு பேரு) ஒரு அம்மா வந்தாங்க. எழுபது தாண்டியிருக்கும். 1990-ல மன்னார்ப் பக்கம் ரவுண்டப்புல வீட்டுக்காரரை ஆமி பிடிச்சுட்டுப் போயிருக்கு. கொழும்புக்கு ஒரு மனு எழுதித் தரணும்.

ஆதாரம் ஏதும் இருக்காம்மான்னு கேட்டேன். ரேஷன் கார்டு உறைக்குள்ளேயிருந்து எடுத்தாங்க. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தாள், பழுப்பேறி மடிப்பு மடிப்பாக் கிழியுற நிலைமை. நாலு வரி சிங்களம், ஒரு நம்பர், பாதி அழிஞ்ச வட்ட முத்திரை. அவரைக் கைது பண்ணின தாள்தான் போலன்னு எனக்கு ஒரே சந்தோஷம். சிங்களம் தெரிஞ்ச ஒருத்தரை அதே முகாமிலிருந்து கூட்டிட்டு வந்தாங்க. அவர் படிச்சுட்டு, "அண்ணே, இது சைக்கிளுக்குக் குடுத்த ரசீது"ன்னார்.

அம்மாவுக்கு அது முன்னாடியே தெரியும். "ஓம் தம்பி. சைக்கிளுக்குத்தான் துண்டு தந்தவை, ஆளுக்குத் தரேல்ல. அடுத்த நாள் காம்புக்குப் போனன். விசாரிச்சுப்போட்டு விட்டுட்டம், சைக்கிளைக் கொண்டு போ எண்டவை. நான் எடுக்கேல்ல. எடுத்தா துண்டை வாங்கிப்போடுவினம்."

எங்க சீனியர் கேஸ்னா அசையாத ஆளு. அன்னைக்குப் பேனாவைக் கீழே வச்சுட்டார். அப்புறம்தான் செபாஸ்டியன் ஹாங்ரே வழக்கைச் சொன்னார். 1982-ல மணிப்பூர் ஹூயினிங் கிராமத்துல ரெண்டு பேரை ராணுவம் முகாமுக்குக் கூட்டிட்டுப் போச்சு. கேட்டா அதே பதில்தான், 'விட்டுட்டோம், போயிட்டாங்க'. உச்ச நீதிமன்றம் நம்பலை. ஆளைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு போட்டும் ஆள் வரலை. 1984-ல அந்த ரெண்டு மனைவிமாருக்கும் ஆளுக்கு 1 லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு.

திருமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):
தம்பி, அதே மணிப்பூரில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே நாங்கள் பிடித்த ஆளைத் தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 1958 ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்திலேயே உள்ளது. 1997-ல் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொல்லிவிட்டது. உடம்பில் என்ன காயம் என்று டாக்டர் எழுதுவார், ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவார்கள். மழையில் நனையாமல் அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலை இறங்குவோம். எல்லா இடத்திலும் இப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

வைகைக்கரை:
நம்ம ஜவான் மேல குண்டு போடுறவனுக்கு ரசீது ஒரு கேடா?

திருமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):
ரசீது அவனுக்கு இல்லையப்பா, எனக்கு. நாளைக்கு அவன் ஸ்டேஷனில் செத்தால், என் கையிலிருந்து நல்லபடியாகத்தான் போனான் என்று யார் சாட்சி சொல்வது? நம் ஆள் எதிரி கையில் சிக்கினாலும் இதே கதைதான். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதி முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஒரு கார்டு எழுத விட வேண்டும். 2019-ல் அபிநந்தன் பிடிபட்டபோது ஊரே டீக்கடையில் ஜெனீவா பேசியது, மறந்துவிட்டாயா?

சட்டக் கல்லூரி, மூணாம் வருஷம்:
பணக்கார நாட்டிலும் இதே லட்சணம்தான். அமெரிக்க ராணுவத்தோட குவாண்டனாமோ சிறை 2002 ஜனவரியில் திறந்தது. உள்ளே யார் யார்னு அமெரிக்க ராணுவம் பெயர்ப் பட்டியல் வெளியிட்டது 2006-ல். அதுவும் ஒரு செய்தி நிறுவனம் கேஸ் போட்ட பிறகு. அந்தக் கைதிங்க ஆட்கொணர்வு மனு போடலாம்னு 2008-ல் பூமெடீன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் 5 நீதிபதிக்கு 4-னு மயிரிழையில்தான். இலங்கையில் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டப்படி குற்றப்பத்திரிகை இல்லாமல் 18 மாசம் வரை வச்சிருக்கலாம். 2022-ல்தான் அதை 12 மாசமாக் குறைச்சாங்க. அண்ணே, அந்த மனு என்னாச்சு?

ஒத்தக்கடை குமாஸ்தா:
எழுதி அனுப்பிட்டோம் தம்பி. பிடிச்ச தேதிக்கு ஆதாரம்னு அந்தச் சீட்டோட நகலைச் சேர்த்தோம். அன்னிக்கு நாள் போட்டு ரசீது குடுத்திருக்காங்கன்னா அன்னிக்கு அவர் அங்கே இருந்திருக்கார் இல்லையா. ஜெராக்ஸ் கடைப் பையன், "கிழியுதே பாட்டி, லேமினேட் பண்ணிரவா?"ன்னான். அம்மா படக்குன்னு வாங்கி உறைக்குள்ளே வச்சுட்டாங்க. பிளாஸ்டிக் போட்டா ஆமிக்காரன் திருப்பி எடுக்க மாட்டானாம்.