பக்கவாதத்துக்குப் பிறகு கை: மூளை இன்னும் மாறுமா?

கேள்வி (தோவாளை):
பூக்கட்டும் தொழிலாளி, வயது 52. பக்கவாதம் வந்து 4 மாதம். வலது விரல்கள் ஓரளவு விரியுது, ஆனா எல்லா வேலையும் இடது கைதான். இனியும் மூளை மாறுமா?

பதில் 1 (நாகர்கோவில்):
மாறும் அண்ணே, கெட்ட பக்கமாகவும் மாறும். 1996-இல் மூளை ஆய்வாளர் நூடோவின் குழு குரங்குகளில் கண்டது: பயிற்சி இல்லையென்றால், சேதத்துக்குப் பக்கத்தில் தப்பிய, கையை இயக்கும் மூளைப்பகுதியும் சுருங்குகிறது. பயிற்சி கொடுத்தால் தங்குகிறது. மணிக்கட்டு 20 பாகை, விரல்கள் 10 பாகை நிமிர்ந்தால், வலது கையே வேலை செய்யும்படி இடது கைக்கு உறை மாட்டலாம். 2 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம். வாரநாட்களில் 6 மணி நேரம் வரை பயிற்சி. 3 முதல் 9 மாதம் ஆனவர்களிடம் பலன் தெரிந்தது (இந்த உறைப் பயிற்சியைச் சோதித்த எக்ஸைட் ஆய்வு, 2006).

பதில் 2 (மார்த்தாண்டம்):
6 மணி நேரமெல்லாம் வீட்டில் நடக்காது. எண்ணிக்கையைப் பிடியுங்க: ஒரு அமர்வுக்கு 300 தடவை கையை அசைக்கிறது இலக்கு. புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, விரலை முழுசா விரிக்கணும். சுலபமானதும் பாசிப்பயறு, பிறகு நார்முடிச்சு. பந்து அமுக்குறது மட்டும் உதவாது. மடக்குறது தானா வரும், விரிக்கிறதுதான் வராது. மரச்சீனி சீவக் கத்தி கொடுக்காதீங்க, தொடுவுணர்வு குறைஞ்சிருக்கலாம்.

பதில் 3 (குளச்சல்):
படி, குளியலறை, சூடான பாத்திரம்: இந்த நேரங்களில் உறையைக் கழற்றணும். தோள் வலிச்சா நிறுத்திட்டு பிசியோவிடம் காட்டுங்க.