புதுப்பிப்பு: டெக்ட் போன் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார்?
ராணிப்பேட்டையில் எங்கள் தோல் தொழிற்சாலையில் யாராவது டெக்ட் போனில் (கட்டடத்துக்குள் பயன்படுத்தும் கம்பியில்லா போன்) அவசர பட்டனை அழுத்தினால் ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன் எந்த பேஸ் ஸ்டேஷனோடு (போனுக்கு சிக்னல் தரும் கருவி) பேசுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பேஸ் 50 மீட்டர் வரை எட்டும், கீழே இருக்கிற போன் மாடியில் உள்ள பேஸைப் பிடித்துக்கொள்ளும். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயுவில் ஒருவர் மயங்கிக் கிடக்கும்போது மாடியில் போய்த் தேடினால் உயிர் போய்விடும்! அதனால் தொட்டி, டிரம் பகுதி, ரசாயனக் கிடங்கு எல்லா இடத்திலும் புளூடூத் பீக்கன் (தன் எண்ணை ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி) வைத்தோம். போன் கடைசியாகக் கேட்ட பீக்கனின் எண்ணை அலாரத்தோடு அனுப்புகிறது. பீக்கன் பவரைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் பக்கத்து அறையிலும் கேட்கும். அப்புறம், பீக்கன் பேட்டரியைப் பார்த்துக்கொள்வதை ஷிப்ட் சூப்பர்வைசரிடம் விடலாமா, சொல்லுங்கள்.