மறு: ‘ஸ்ட்ரீமிங்’, ‘இயற்பியல் ஊடகம்’ – இசைவரத்து, இசையிருப்பு என்னும் இணைச்சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இசையைக் கேட்கும் நேரத்திலேயே இணையவழி பெறும் ஸ்ட்ரீமிங்குக்கும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் தட்டு, நாடா முதலியவற்றுக்கும் பொதுச்சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை படித்தேன். ஒரு பக்கத்துக்கு ‘ஓடை’, ‘தாரை’, ‘பாய்வு’ ஆகியவையும், மறுபக்கத்துக்கு ‘இயற்பியல் ஊடகம்’, ‘பருவடிவம்’ ஆகியவையும் முன்வைக்கப்பட்டுள்ளன. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இவற்றுள் சில நல்ல சொற்களே. ஆனால் நமக்கு வேண்டியவை ஒன்றையொன்று வரையறுக்கும் இரண்டு சொற்கள். இசையை ஊன்றிக் கேட்பவர்கள் எந்த வேறுபாட்டைக் கருதி ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால்தான் அந்த இணை சரியாக அமையும் என்பது என் உறுதியான எண்ணம்.

> தட்டு கையால் தொடக்கூடியது, ஸ்ட்ரீமிங் தொட முடியாதது. எனவே ‘இயற்பியல்’ அல்லது ‘பரு’ என்ற அடையே பொருந்தும்.

இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ‘இயற்பியல்’ தமிழில் ஓர் அறிவியல் துறையின் பெயராக நிலைபெற்றுவிட்டது. அதோடு ‘ஊடகம்’ என்பதையும் சேர்த்தால், ஒளியும் ஒலியும் ஊடுருவிச் செல்லும் காற்று, நீர், கண்ணாடி ஆகியவையே பாடநூல் படித்தவர்களின் நினைவுக்கு வரும். ‘பருவடிவம்’ என்பதில் இந்தக் குழப்பம் இல்லை என்றாலும், அது கோட்டைத் தவறான இடத்தில் போடுகிறது. ஒருவர் ஒரு பாடல் தொகுப்பைப் பணம் கொடுத்து வாங்கி, ஃபிளாக் என்னும் ஒலிக்கோப்பு வடிவில் தம் வன்தட்டில் இறக்கி, அதற்கு நகல் ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அந்தக் கோப்புக்குப் பருவடிவம் இல்லை. ஆயினும் அவர் அதைத் தம் அலமாரியிலுள்ள குறுவட்டுகளோடு (சிடி) சேர்த்துத்தான் எண்ணுவாரே தவிர, மாதச் சந்தா செலுத்திக் கேட்கும் பாடல்களோடு சேர்க்கமாட்டார். ஃபிளாக் 2001ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது; இழப்பில்லாச் சுருக்கம் என்பதால், குறுவட்டில் உள்ள தரவு ஒரு பிட்கூடக் குறையாமல் அதில் தங்குகிறது. ஆகவே தொடத்தக்கது, தொடத்தகாதது என்ற பகுப்பு நாம் பெயரிட விரும்பும் பொருளைப் பிளந்துவிடுகிறது.

ஒலியை எண்களாகப் பதியும் இலக்கமுறை, தொடர் அலையாகவே பதியும் அனலாக் என்ற பகுப்பும் உதவாது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டே இலக்கமுறைப் பொருள்தான்: ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட். 1948இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு அனலாக் முறையில் இயங்குவது என்றாலும், இன்று அழுத்தி எடுக்கப்படும் தட்டுகளில் பல இலக்கமுறை மூலத்திலிருந்தே வருகின்றன. முழு அனலாக் வழியில் உருவானவை என்று பலரும் நம்பி வாங்கிய தட்டுகளில் சிலவற்றுக்கு இடையில் ஓர் இலக்கமுறைப் படிநிலை இருந்ததை, அவற்றை வெளியிட்ட மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 2022இல் ஒப்புக்கொண்டபோது, கேட்பவர்களிடையே பெரிய சர்ச்சை எழுந்தது. தட்டின் உருவத்தைப் பார்த்து அதனுள் இருக்கும் ஒலி வந்த வழியைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவதாக, தரம் என்ற பகுப்பு. இந்த இழையில் ஒரு நண்பர், “தட்டு தரமானது, ஸ்ட்ரீமிங் வசதியானது” என்று எழுதியிருந்தார். வினாடிக்கு 320 கிலோபிட் என்பதே பெரும்பாலான சேவைகளின் உச்சமாக இருந்த காலத்தில், குறுவட்டின் 1,411 கிலோபிட்டோடு ஒப்பிட்டு அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. டைடல், கோபஸ் ஆகிய சேவைகள் முன்பே இழப்பில்லா வடிவில் வழங்கிவந்தன. ஆப்பிள் மியூசிக் 2021இலும் ஸ்பாட்டிஃபை 2025இலும் அவ்வழிக்கு வந்துவிட்டன. குறுவட்டைக் காட்டிலும் உயர்ந்த மாதிரி வீதம் காதுக்கு எட்டுகிறதா என்பது வேறு வழக்கு. 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவுத் தட்டின் ஒலியை நேராகவும் குறுவட்டின் தர அளவுக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்டவர்களால் வேறுபாட்டை இனங்காண முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சிறியதொரு வேறுபாடு உணரப்படுகிறது என்றார். ஆனால் சரியான விடைகளின் அளவு தற்செயலுக்குரிய பாதியைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை மெல்லிய வேறுபாட்டின் மீது ஒரு கலைச்சொல்லைக் கட்டுவது முறையாகாது.

அப்படியானால் ஊன்றிக் கேட்பவர்கள் எதைப் பார்த்துத் தேர்கிறார்கள்? அவர்களோடு சற்று நேரம் பேசினால் தெரியும்: வடிவத்தைவிட மாஸ்டரிங்கைப் பற்றியே, அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலிப்பதிவின் உரப்பையும் ஒலித்தன்மையையும் இறுதியாகச் சீரமைக்கும் வேலையைப் பற்றியே, மிகுதியாகப் பேசுவார்கள். ஒரே ஒலிப்பதிவு முப்பது, நாற்பது ஆண்டுகளில் பல முறை மறுபடி மாஸ்டர் செய்யப்பட்டு வெளிவருகிறது. 1990களிலிருந்து வலுத்த உரத்த ஒலிப் போட்டியில், மெல்லிய பகுதிகள் தூக்கப்பட்டு, உச்சங்கள் நசுக்கப்பட்டு, பாட்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே உரப்பில் ஒலிக்கும்படி பல பதிவுகள் மாற்றப்பட்டன. இன்று சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஒரே சராசரி உரப்புக்குக் கொண்டுவருகின்றன. உரப்பை அளக்கும் எல்யுஎஃப்எஸ் என்ற அலகில் ஸ்பாட்டிஃபையின் இயல்பு அளவு −14. இதனால் உரத்த பதிவின் ஒலியளவு குறையுமே ஒழிய, மாஸ்டரிங்கில் நசுங்கிப்போன மத்தள அடியின் கூர்மை திரும்ப வராது. மறுபுறம், இசைத்தட்டின் வரிப்பள்ளத்துக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. தாழ்சுருதி ஒலிகளை இடம், வலம் எனப் பிரிக்காமல் நடுவில் வைக்க வேண்டும். சகர ஒலிகளின் கீறலை அடக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஆகவே தட்டுக்குத் தனி மாஸ்டர் செய்வதுண்டு, சில வேளைகளில் அதுவே நசுக்கப்படாத மாஸ்டராகவும் அமைந்துவிடுகிறது. ஒருவர் தட்டின் ஒலியை விரும்புகிறேன் என்னும்போது, பல நேரங்களில் அவர் விரும்புவது அந்தத் தட்டில் உள்ள மாஸ்டரை.

இங்கேதான் தேர்வின் முடிச்சு இருக்கிறது. சேவைகளில் பெரும்பாலும் அண்மைய மறுமாஸ்டரே கிடைக்கும். பழையது எப்போது நீக்கப்பட்டது என்பதுகூடத் தெரியாது. 2016இல் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தம் தொகுப்பு ஒன்றை வெளியிட்ட பிறகும் சேவைகளில் இருந்த பாடல்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். முதல் வாரம் கேட்டவர்களுக்கும் பின்னர் கேட்டவர்களுக்கும் கிடைத்தவை ஒன்றல்ல. பாடகர் நீல் யங் 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையிலிருந்து தம் இசையை விலக்கிக்கொண்டார். 2024இல்தான் அது திரும்பியது. அவருடைய தட்டுகளை வைத்திருந்தவர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒன்றும் மாறவில்லை. எந்தப் பதிப்பைக் கேட்கிறோம், அது நாளையும் இருக்குமா என்ற இரு கேள்விகளுக்கும் விடை சொல்லும் இடம் கேட்பவரிடம் இருக்கிறதா, வழங்குநரிடம் இருக்கிறதா என்பதே மெய்யான பகுப்பு. நம் சொற்கள் இதைத்தான் சுட்ட வேண்டும்.

இனி, சொற்கள். ‘ஓடை’ செய்தியோடையில் ஏற்கெனவே வேறு தொழில்நுட்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ‘தாரை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். இடையறாமல் ஒழுகுவதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஆனால் தாரை, தப்பட்டை என்று வழங்கும் இணையில் தாரை ஓர் ஊதுகருவி. பிற துறைகளில் இது இடையூறில்லை. இசைத்துறையில் ‘தாரை இசை’ என்று எழுதினால் பொருள் நிச்சயமாகத் திரியும். ‘பாய்வு’ பாய்மத்தைப் பற்றிய பாடத்தில் வேரூன்றியிருக்கிறது. அதோடு அதற்கு இயல்பான இணை இல்லை.

நாளிதழில் அணைச் செய்தியைப் படிப்பவர்கள் எல்லாருக்கும் பழகிய இணை ஒன்று உண்டு: நீர்வரத்து, நீர் இருப்பு. வந்துகொண்டிருப்பது வரத்து, நம்மிடம் நிற்பது இருப்பு. வரத்து நம் கையில் இல்லை, இருப்பு உண்டு. இந்த இணையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரீமிங் வழி வரும் இசையை இசைவரத்து என்றும், தட்டு, நாடா, கோப்பு என எந்தக் கலத்தில் இருந்தாலும் கேட்பவரிடம் நிலையாக உள்ளதை இசையிருப்பு என்றும் வழங்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: வரத்துச் சேவை, வரத்துக் கருவி, இழப்பில்லா வரத்து, வரத்து வீதம். நீர்வரத்தை வினாடிக் கணக்கில் சொல்வதுபோல் பிட் வீதத்தையும் வினாடிக்குத்தான் சொல்கிறோம் என்பதால் கடைசிச் சொல் தானாகவே பொருந்திவிடுகிறது. ‘வரத்தில் கேட்டேன்’, ‘இந்தத் தொகுப்பு என் இருப்பில் உண்டு’ என்று வினையோடும் இயல்பாகச் சேர்கின்றன.

இதைத் தனிமடலில் ஒரு நண்பரிடம் காட்டியபோது அவர் இரண்டு மறுப்புகளைச் சொன்னார். ‘வரத்து’ சந்தையை நினைவூட்டுகிறது என்பது முதலாவது. அது குறையென்று எனக்குத் தோன்றவில்லை. மக்கள் வாயில் இருக்கும் சொல் நிலைக்கும். மெய்யியலில் ‘இருப்பு’ வேறு பொருளில் ஆளப்படுகிறது என்பது இரண்டாவது. இதற்காகவே ‘இருப்பு’ என்று தனியே நிறுத்தாமல், முதல் ஆட்சியில் ‘இசையிருப்பு’ என்று முழுமையாக எழுதவேண்டும் என்கிறேன். ‘இருப்புப் பதிவு’ என்ற வடிவத்தையும் எண்ணிப் பார்த்தேன். அது அலுவலகத்து இருப்புப் பதிவேட்டோடு கலந்துவிடும் என்பதால் கைவிட்டேன்.

> சேவையின் செயலியிலேயே இறக்கி வைத்து, இணையம் இல்லாதபோதும் கேட்கிறோமே, அது எந்தப் பக்கம்?

இந்த இழையின் மிகச் சிறந்த கேள்வி இதுதான். கோப்பு நம் கைப்பேசியில்தான் இருக்கிறது. ஆனால் அது பூட்டப்பட்ட கோப்பு. அந்தச் செயலி மட்டுமே அதைத் திறக்கும். குறிப்பிட்ட கால இடைவெளியில் இணையத்தோடு இணைந்து சந்தாவை உறுதிப்படுத்தாவிட்டால் அது ஒலிக்காது. எனவே அது இருப்பு அன்று, வரத்தின் ஒரு பகுதி சற்று நேரம் நின்றிருப்பது. அதற்குத் தேக்கம் என்ற சொல்லைத் தருகிறேன். ஒலிக்கும்போது சில வினாடித் தரவைப் பிடித்துவைக்கும் பகுதிக்கு ‘இடையகம்’ என்ற சொல் முன்பே வழக்கில் உள்ளதால் அதைத் தொட வேண்டியதில்லை. ‘பதிவிறக்கம்’ என்ற சொல்லை வாங்கிய கோப்புக்கும் இந்தப் பூட்டிய கோப்புக்கும் பொதுவாக வழங்குவதால்தான், சந்தா முடிந்த நாளில் பலர் தம்மிடம் இருந்ததாக நினைத்த இசை இல்லாமல்போனதைக் கண்டு திகைக்கிறார்கள்.

இருப்புக்குள்ளும் ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். தட்டை மற்றொருவருக்கு விற்கலாம். வாங்கிய கோப்பை அவ்வாறு மறுவிற்பனை செய்யலாமா என்ற வழக்கில், அமெரிக்க நீதிமன்றம் 2013இல், அத்தகைய மறுவிற்பனையை நடத்திய ரீடிஜி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டிலும் 2018இல் அதுவே உறுதியானது. ஆகவே தேவைப்படும் இடங்களில் தட்டிருப்பு, கோப்பிருப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். குறுவட்டு, குறுந்தகடு, இறுவட்டு என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் வழங்குவதையும் இந்தப் பகுப்பு தொந்தரவு செய்யவில்லை.

தட்டும் குறுவட்டும் மறைந்துவரும்போது இத்தனை நுணுக்கம் எதற்கு என்ற கேள்விக்கும் ஒரு வரி. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி 2022இல் அந்நாட்டின் ஒலிப்பதிவு வருவாயில் 84 விழுக்காடு ஸ்ட்ரீமிங் வழி வந்தது. அதே ஆண்டில்தான், 1987க்குப் பிறகு முதன்முறையாக, இசைத்தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை குறுவட்டுகளை முந்தியது. வரத்தில் புதியதைக் கண்டுபிடித்து, மனத்துக்கு நெருங்கியதை இருப்பில் சேர்ப்பவர்கள் பலர். இரண்டையும் அவர்கள் ஒருசேரப் பேசுவதற்குத் தமிழில் சொல் வேண்டும்.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்ப்பதற்கான வரையறை வரைவு:

இசைவரத்து – கேட்பவரிடம் நிலையான நகல் எதுவும் தங்காமல், வழங்குநரின் சேமிப்பகத்திலிருந்து கேட்கும் நேரத்தில் இணையவழி வந்துசேரும் இசை.

இசையிருப்பு – வழங்குநரின் தொடர் அனுமதி தேவைப்படாமல், கேட்பவர் விரும்பியபோது ஒலிக்கச் செய்யும் வகையில் அவரிடமே உள்ள ஒலிப்பதிவு. தட்டு, நாடா, கோப்பு எதுவாயினும் ஆகும்.

தேக்கம் – இணையம் இல்லாதபோதும் கேட்பதற்காக வரத்துச் சேவை பயனரின் கருவியில் பூட்டிய நிலையில் வைக்கும் நகல், சந்தாவோடு காலாவதியாவது.

முதல் இரண்டு சொற்களில் எனக்கு ஐயமில்லை. ‘தேக்கம்’ முடக்கத்தையும் குறிக்கும் சொல்லாக இருப்பதால், அதற்கு மாற்றுத் தோன்றினால் நண்பர்கள் எழுதுங்கள். வரையறை அப்படியே இருக்க, சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்.