ஏற்காடு பள்ளியில் ஆன்லைன் வினாடி வினா பாதியில் நிற்கிறது, தமிழும் உடைகிறது: உதவி தேவை

கேட்டவர் (ஏற்காடு ஆசிரியை):
நாகலூர் பக்கம் நடுநிலைப் பள்ளி. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆறாம் வகுப்புக்கு கைகழுவுதல், பல் துலக்குதல், தின்பண்டம் பற்றி கஹூட் என்ற இணையதளத்தில் வினாடி வினா. என் போன் ஹாட்ஸ்பாட்தான் இன்டர்நெட். மூன்றாவது கேள்வியில் சிக்னல் போய்விடும், பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய கேள்விகளை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. ரெடிமேட் வினாக்களிலோ ப்ரோக்கோலி, அவகாடோ! வழி சொல்லுங்கள்.

பதில் (சேலம், கணினிப் பயிற்றுநர்):
டீச்சர், பாமினி யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போட்ட ஃபான்ட், அதனால் வேறு இடத்தில் ஒட்டினால் வேஷம் கலைந்துவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஃபைலில் நடுநடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் சேர்ந்து மாறிவிடும், ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

கஹூட் நேரலை ஆட்டம், நெட் இல்லாமல் நகராது. லூமி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வீட்டில் வினாவைத் தயாரித்து ஒரே எச்டிஎம்எல் ஃபைலாகச் சேமித்து, பென்டிரைவில் கொண்டுபோங்கள். லேப்டாப் பிரௌசரில் நெட் இல்லாமலே திறக்கும்.

கேட்டவர்:
அப்போது யார் எத்தனை மார்க் என்று தெரியுமா? யூடியூப் வீடியோவும் சேர்க்கலாமா?

பதில் (கணினிப் பயிற்றுநர்):
மார்க் ஓரிடத்தில் சேராது. குழுவுக்கு நாலு கலர் அட்டை, விடைக்கு ஒரு கலர் என்று கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள், போர்டில் எழுதிக்கொள்ளலாம். யூடியூப் லிங்க் கொடுத்தால் பழைய கதைதான், அதற்கு நெட் வேண்டும்.

பதில் (ஓமலூர், கிராம சுகாதார செவிலியர்):
சாஃப்ட்வேர் சரி, கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள். ‘எத்தனை நொடி கை கழுவணும்?’ என்றால் எல்லாரும் ‘இருபது!’ என்பார்கள். குழாயடிக்குப் போனால் ஒரு நனைப்பு, டவுசரில் ஒரு துடைப்பு. அதனால் உங்கள் பள்ளிக் குழாயடியிலேயே சோப்பு நுரையோடு கைகளைப் படம் எடுங்கள், முகம் வேண்டாம். கட்டைவிரல், விரல் இடுக்கு, நகக்கண் இதில் எது விட்டுப்போச்சு என்று கேளுங்கள். முடிந்ததும் குழாயடிக்கே கூட்டிப்போய்ச் செய்ய வையுங்கள்.

ப்ரோக்கோலிக்குப் பதில் சாமைச் சோறு, கீரை, பலாச்சுளை, மலை ஆரஞ்சு. தட்டுவடை செட்டை வில்லன் ஆக்காதீர்கள், சேலத்துப் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள்! அதில் பீட்ரூட், கேரட் துருவல் இருக்கிறதே. மூடி வைத்திருந்ததா, தட்டு கழுவினார்களா என்று கேட்கலாம். கலர் பாட்டிலுக்கு லேபிளைப் பெரிதாகக் காட்டுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 250 மில்லி பாட்டிலில் 25 கிராம், சுமார் ஆறு டீஸ்பூன். கணக்கை அவர்களே போடட்டும்.

கேட்டவர்:
எழுத்துப் பிரச்சினை தீர்ந்தது, நன்றி. லூமியும் ஓடுகிறது, ஆனால் குழாயடிப் படங்கள் சேர்த்ததும் பழைய லேப்டாப் திணறுகிறது.

பதில் (கணினிப் பயிற்றுநர்):
போனில் எடுத்த படத்தை அப்படியே போட்டிருப்பீர்கள். அகலத்தை 800 பிக்சலுக்குக் குறைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.