புதுக் கைப்பேசி வாங்கியதிலிருந்து இரவில் தலைவலி: திரை காரணமா, கண் காரணமா?

வைகைக்கரையான்:

வயது 43. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. பகல் முழுவதும் தாளிலும் கணினியிலும் எழுத்தோடுதான் கிடக்கிறேன், அதில் ஒரு தொல்லையும் இல்லை. சித்திரையில் பழைய கைப்பேசியை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். பழையது எல்.சி.டி. திரை, புதியது ஓ.எல்.இ.டி. அதன் பிறகு, இரவுச் சாப்பாடு முடித்து விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் செய்தி படித்தால் போதும், இடது புருவத்துக்கு மேலே கயிறு கட்டி இறுக்குவதுபோல் வலி பிடித்துக்கொள்கிறது. கண் எரிச்சல் தனி. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறேன். காலையில் எழுந்தால் ஒன்றும் இருப்பதில்லை.

கண் மருத்துவரிடம் காட்டியாயிற்று. தூரப் பார்வைக்குப் பல வருடமாக மைனஸ் 1.25 கண்ணாடி போடுகிறேன். அது மாறவில்லை, கண் அழுத்தம், விழித்திரை எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றார். "போன் பார்ப்பதைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள், கட்டணமும் வாங்குவதில்லை.

நான் கேட்பது இதுதான். பழைய போனிலும் இதே நேரம், இதே படுக்கை, இதே செய்திதான். அப்போது வராத வலி இப்போது ஏன் வருகிறது? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போடச் சொல்கிறார்கள், போடலாமா? இல்லை, போனையே விற்றுவிடலாமா?

ஓய்வூதியர்:

தம்பி, விளக்கை அணைத்துவிட்டுப் போன் பார்த்தால் கண் கெடாமல் என்ன செய்யும்? சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், சூடு தணியும்.

மின்சுற்று:

ஐயா, இருட்டில் போன் பார்ப்பதால் கண் நிரந்தரமாகக் கெட்டுவிடாது. ஆனால் இவருடைய வலிக்கும் இருட்டுக்கும் தொடர்பு இருக்கலாம். காரணம் சூடு அல்ல, திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும் முறை.

எல்.சி.டி. திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் பெரும்பாலும் அதற்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. மின்னோட்டத்தை மிகவும் குறைத்தால் நிறம் ஒரே சீராக வராது, திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் ஒளியை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகிறார்கள். இதற்குப் பி.டபிள்யூ.எம். என்று பெயர். பல போன்களில் இது நொடிக்கு 240 முறை நடக்கிறது, சிலவற்றில் 480 முறை. திரை முழு வெளிச்சத்தில் இருக்கும்போது அணைந்திருக்கும் நேரம் மிகச் சிறிது. மங்கலாக்க மங்கலாக்க அந்த நேரம் நீள்கிறது. நீங்கள் இருட்டில் படுத்துக்கொண்டு வெளிச்சத்தை அடிமட்டத்தில் வைத்திருப்பீர்கள். சிமிட்டல் மிகவும் ஆழமாக இருக்கும் இடம் அதுதான்.

கண்ணுக்கே தெரியாத சிமிட்டல் தலைவலி தருமா என்று கேட்பீர்கள். சோக் வைத்த பழைய டியூப் லைட்டை நினைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுற்று) மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை சிமிட்டும், யாருக்கும் தெரியாது. 1989இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் ஓர் அலுவலகத்தில், எந்த விளக்கு எந்த வகை என்று ஊழியர்களுக்குத் தெரியாதபடி, அந்த விளக்குகளையும் நொடிக்குப் பல்லாயிரம் முறை இயங்கும் மின்னணு சோக் விளக்குகளையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மின்னணு சோக் இருந்த காலத்தில் தலைவலியும் கண் அயர்ச்சியும் பாதிக்கும் கீழே போயின. 240 என்பது டியூப் லைட்டைவிட வேகம், எல்லோரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் கண்ணை வேகமாக நகர்த்தும்போது ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சிமிட்டலைக்கூடக் கோடுகளாக உணர்கிறவர்கள் உண்டு.

சோதிப்பது எளிது. மகளின் போன் கேமராவில் புரோ முறைக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/2000 என்று வைத்து உங்கள் திரையைப் பாருங்கள். வெளிச்சத்தை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை. கறுப்புப் பட்டைகள் ஓடினால் சிமிட்டல் இருக்கிறது என்று பொருள்.

கண்ணாடிப்பெட்டி:

தஞ்சாவூர்ப் பக்கம் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பவர் சொல்கிறவராக, இருக்கிறேன். பட்டையை எண்ணுவதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். படுக்கையில் படிக்கும்போது கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? போன் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளக்கப் போனால் கை தானாக நீண்டுவிடும். பழைய போனில் எழுத்து என்ன அளவில் இருந்தது, புதியதில் என்ன அளவு?

வைகைக்கரையான்:

இருவருக்கும் நன்றி. கேமரா சோதனை செய்தேன். வெளிச்சத்தை இறக்கினால் என் திரையில் கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே நகர்கின்றன, முழு வெளிச்சத்தில் மெல்லிய கோடாகிவிடுகின்றன. பிறகு என் போன் கேமராவில் மகளின் திரையைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திருடனைப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு மனைவி தையல் டேப் எடுத்து அளந்தார். 24 சென்டிமீட்டர். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன். பழைய போனில் எழுத்தை இரண்டு படி பெரிதாக்கி வைத்திருந்தேன். புதியதில் கடையில் கொடுத்தபடியே இருக்கிறது.

கண்ணாடிப்பெட்டி:

அந்த 24தான் எனக்கு வேண்டியது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டரைப் பொருளின் தூரத்தால் வகுத்தால், அங்கே தெளிவாகப் பார்க்கக் கண் எத்தனை டயாப்டர் குவிக்க வேண்டும் என்று வரும் (கண்ணாடி பவரைச் சொல்லும் அதே அலகுதான் டயாப்டர்). 24 செ.மீ.க்கு 4 டயாப்டருக்குச் சற்று மேல். உங்கள் அச்சகத்துத் தாள் 40 செ.மீ.யில் இருந்தால் 2.5 போதும். கணினி 60 செ.மீ. என்றால் 1.7. உங்கள் வயதில் கண்ணால் அதிகபட்சம் சராசரியாக ஐந்து, ஐந்தரை டயாப்டர் குவிக்க முடியும். அதில் பாதி வரைதான் நெடுநேரம் வருத்தமில்லாமல் செலவழிக்கலாம். பகலெல்லாம் அந்தப் பாதிக்குள் ஓட்டிவிட்டு, இரவில் களைத்த கண்ணை நாலு டயாப்டரில் அரை மணி நேரம் பிடித்து வைக்கிறீர்கள். புருவத்துக்கு மேலே வலி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

நாற்பது தாண்டியதும் வெள்ளெழுத்து, அதாவது கிட்டே குவிக்கும் திறன் குறைவது, தொடங்குகிறது. தூரப் பவரை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது. சிறு எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். எழுத்து சிறிதாக இருப்பதால் போன் கிட்டே வருகிறது. கிட்டே வந்ததால் கண் கூடுதலாக உழைக்கிறது. போனைப் புத்தகத்தைவிடக் கிட்டே பிடிப்பது உங்கள் பழக்கம் மட்டும் அல்ல. 2011இல் நியூயார்க்கில் அளந்து பார்த்தபோது, போனில் இணையப் பக்கம் படிப்பவர்கள் சராசரியாக 32 செ.மீ. தூரத்தில் வைத்திருந்தார்கள்.

மைனஸ் 1.25 உள்ளவருக்கு ஒரு வசதி உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் அந்த ஒன்றேகால் டயாப்டர் உழைப்பு உடனே மிச்சம். இன்று இரவே கழற்றிவிட்டுப் படியுங்கள். எழுத்தைப் பழையபடி பெரிதாக்குங்கள். ஒருக்களித்துப் படுக்காதீர்கள், தலையணை ஒரு கண்ணை மறைத்தாலோ ஒரு கண்ணுக்குப் போன் கிட்டே போனாலோ வலி ஒரு பக்கமாகத் திரும்பும்.

எரிச்சலுக்குக் காரணம் வேறு. 1993இல் ஜப்பானில் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை இமைக்கிறவர்கள், புத்தகம் படிக்கும்போது 10, கணினித் திரை பார்க்கும்போது 7 என்று குறைந்துவிட்டார்கள். இமைக்காத கண் காய்கிறது. உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கிறதா என்றும் பாருங்கள். பதனப் பொருள் சேர்க்காத கண்ணீர்ச் சொட்டு மருந்து உதவும். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

மின்சுற்று:

அப்படியென்றால் கேமராவில் தெரிந்த பட்டை பொய்யா? பழைய போனில் இந்த வலி இல்லை என்கிறாரே.

கண்ணாடிப்பெட்டி:

பட்டை உண்மை. வலிக்கு அதுதான் காரணம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பழைய போனில் திரை வேறு, எழுத்தளவும் வேறு. எழுத்தளவு மாறியதும் தூரமும் மாறிவிட்டது. மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழி போட முடியாது. முதல் வாரம் எழுத்தையும் கண்ணாடியையும் மட்டும் மாற்றட்டும், வெளிச்சத்தைத் தொடவே வேண்டாம். மிச்சம் வலி இருந்தால் உங்கள் வழிக்கு வருவோம்.

நீல ஒளிக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் அயர்ச்சி குறைந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர் கழகமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. எங்கள் கடையிலும் அந்த லென்ஸ் இருக்கிறது, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். தலைவலி தீரும் என்று சொல்லி விற்பதில்லை.

தலைவலிக்காரி:

அண்ணா, எல்லோரும் திரையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பாராசிட்டமால் உறுத்துகிறது. மாதத்தில் எத்தனை நாள் போடுகிறீர்கள்? சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். காபீன் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும்.

டெல்லி எய்ம்ஸில் தலைவலி நோயாளிகள் 400 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்களுக்கு வலியின் கடுமை அதிகமாக இல்லை. ஆனால் மாத்திரை போடுகிறவர்கள் அவர்களில் அதிகம், மாத்திரையால் நிவாரணம் கிடைத்தவர்கள் குறைவு. போன்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தலைவலி உள்ளவர்கள் போனையும் மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறோம் என்பது என் அனுபவத்துக்குப் பொருந்துகிறது.

இன்னொன்று. ஒரு பக்க வலி என்பதால் கேட்கிறேன். குமட்டல் உண்டா? சத்தம் பிடிக்காமல் போகிறதா? மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறதா? இருந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். எனக்கு அதுதான். சிமிட்டும் வெளிச்சம், பசி, தூக்கக் குறைவு எல்லாமே அதைக் கிளப்பிவிடும். எனக்குப் போனைத் தொட்டதால் வலி வந்ததா, வலி வரப்போகிற நேரத்தில் வெளிச்சம் பிடிக்காமல் போனதா என்று பல நாள் பிரித்துச் சொல்லவே முடிந்ததில்லை.

திடீரென்று இடிபோல இறங்கும் வலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கண் சிவந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வைகைக்கரையான்:

குமட்டல் இல்லை, சத்தம் தொந்தரவு செய்வதில்லை. மாத்திரை வாரத்தில் பாதி நாள் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்ன கணக்குக்குக் கிட்டத்தில்தான் இருந்திருக்கிறேன். நிறுத்திவிட்டேன், தங்கை.

கண்ணாடியைக் கழற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைத் தொடாமல் ஒரு வாரம் ஓட்டினேன். புருவ வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. எரிச்சலும் குறைந்தது, மின்விசிறி கட்டிலுக்கு நேர் மேலேதான் இருந்தது, கட்டிலை நகர்த்திவிட்டோம். ஆனால் முழுக்கப் போகவில்லை. நிதானமாகப் படித்தால் ஒன்றும் இல்லை. செய்திப் பட்டியலை விரலால் வேகமாக உருட்டும்போது கண்ணுக்குப் பின்னால் ஓர் அசௌகரியம் இருக்கிறது.

மின்சுற்று:

இப்போது என் முறை. திரை வெளிச்சத்தை அறுபது, எழுபது சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அது கண்ணைக் கூசும், அதனால் அமைப்பில் 'கூடுதல் மங்கல்' வசதியை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் இருக்கிறது. அது திரையில் வரும் நிறங்களைக் கறுப்பாக்கி மங்கலாக்குகிறது, சிமிட்டும் முறையில் கைவைப்பதில்லை. ஐபோனில் இதற்கு இணையாக வெண்மையைக் குறைக்கும் அமைப்பு உண்டு. சில போன்களில் சிமிட்டல் தடுப்பு என்றோ டி.சி. டிம்மிங் என்றோ தனிப் பொத்தானும் இருக்கும், திரை அமைப்பில் தேடுங்கள். இயக்கிவிட்டு மறுபடி கேமராவில் பாருங்கள், பட்டை மெலிந்திருக்க வேண்டும். அறையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும், திரையை அவ்வளவு மங்கலாக்கும் தேவையே வராது.

அடுத்த முறை போன் வாங்கும்போது விவரத் தாளில் சிமிட்டல் வேகத்தைப் பாருங்கள். ஹானர் போன்ற சில நிறுவனங்கள் 3840 ஹெர்ட்ஸ் வரையும் அதற்கு மேலும் ஏற்றியிருக்கின்றன.

வைகைக்கரையான்:

கூடுதல் மங்கல் வேலை செய்கிறது. பட்டைகள் நூலாக மெலிந்துவிட்டன. உருட்டும்போது இருந்த அசௌகரியமும் பெரும்பாலான இரவுகளில் இல்லை. அது திரையாலா, விளக்கு எரிவதாலா என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு எரிவதால் தூக்கம் கெடுகிறது என்று வீட்டில் வேறு ஒரு வழக்கு நடக்கிறது. போனை விற்கவில்லை.

கண்ணைத் திரும்பக் காட்டினேன். இந்தத் தடவை சிறு எழுத்து அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். அருகில் படிக்கப் பிளஸ் 1.00 கூட்ட வேண்டும், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ் போடுங்கள் என்கிறார்கள். விலையைக் கேட்டால் வேறு தலைவலி வருகிறது. படுத்துக்கொண்டு படிக்க அது தேவையா?

கண்ணாடிப்பெட்டி:

படுக்கைக்கு வேண்டாம். புரோகிரசிவில் அருகில் படிக்கும் பகுதி லென்ஸின் அடியில் இருக்கும். படுத்துக்கொண்டு பார்த்தால் மேல் பகுதி வழியாகத்தான் பார்ப்பீர்கள், காசு வீண். மைனஸ் 1.25இல் பிளஸ் 1.00ஐக் கூட்டினால் மைனஸ் 0.25 மிஞ்சுகிறது. ஏறக்குறையக் கண்ணாடி இல்லாத கண். இரவில் கழற்றிவிட்டுப் படிப்பது போதும்.

அச்சகத்தில் தாள், கணினி, எதிரே நிற்கும் ஆள் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தால் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டால் குட்டையான பிரேம் எடுக்காதீர்கள், அடியில் இருக்கும் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுவிடும்.