படைகளைக் கலப்பதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

நண்பர்களே,

உள்நாட்டுப் போருக்குப் பின் தேசியப் படையைத் திரும்பக் கட்டுவது பற்றிய பாடம் ஒன்றை முதுகலை மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். ஆயுதக்களைவு, மீளிணைப்பு (போராளிகளைச் சமூக வாழ்வில் திரும்பச் சேர்ப்பது) வரை சிக்கலில்லை. இடிக்கிற இடம் காங்கோ ஜனநாயகக் குடியரசு. எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டவர்களைப் பயிற்சி முகாமுக்குக் கொண்டுவந்து, பழைய அணிகளை உடைத்து, ஆட்களைக் கலந்து புதிய படைப்பிரிவாக்கி, வேறு வட்டாரத்துக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சில் 'பிராசாஜ்', பீர் வடிப்பதற்கும் அதே சொல்தான். 2007இல் நாட்டின் கிழக்கே வட கிவுவில் நடந்தது 'மிக்ஸாஜ்'. கிளர்ச்சித் தளபதி இன்குண்டாவின் ஆட்களை அந்த வட்டாரத்திலேயே வைத்துக்கொண்டு அரசுப் படையோடு சேர்த்தார்கள். அந்த ஆண்டே முறிந்து மறுபடி சண்டை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். முதலாவதற்குப் 'படைக்கலப்பு' சரியா?

> படைக்கலப்பு

வேண்டாம் ஐயா. அச்சில் ஓர் ஐகாரக் குறி கூடினால் 'படைக்கலைப்பு' ஆகிவிடும், பொருள் தலைகீழ். லைபீரியாவில் கலைப்புதான் நடந்தது. 2003இல் போர் ஓய்ந்த பின் பழைய படையையே கலைத்துவிட்டு, 2,000 பேர் என்று இலக்கு வைத்துப் புதிதாக ஆளெடுத்தார்கள். இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் மாணவர் கதி? 'படைவிரவல்' என்க. அப்புறம், ஆயுதம் எதற்கு? படைக்கலக் களைவு என்றே எழுதலாமே.

> ஆயுதம் எதற்கு?

ஆயுதம் தமிழே என்பது என் கட்சி. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியும் கேடயத்தின் குமிழ்கள் என்ற என் கருத்தை முன்பே இங்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

> முன்பே விரிவாக

ஆமாம், நினைவிருக்கிறது. அது வேறு இழையிலேயே இருக்கட்டும்.

விரவல் பொருந்தாது. 'சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது' என்று விரவுப்பெயர் இரு திணைக்கும் பொதுவாய் நிற்கும், எதுவும் உடைவதில்லை. காங்கோவில் உடைத்த பிறகுதானே சேர்த்தார்கள்? புணர்ச்சியைப் பாருங்கள். மிக்ஸாஜ் இயல்பு புணர்ச்சி, நிலைமொழி நின்றபடியே நிற்கிறது. பிராசாஜ் திரிதல். லைபீரியா கெடுதலும் தோன்றலும். ஆகவே 'படைப்புணர்ச்சி'.

> படைப்புணர்ச்சி

வகுப்பெடுக்கப் போகிறவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் ஐயா.

குறளுரையில் பரிமேலழகர் சொல்லும் அறுவகைப் படையில் பகைப்படையும் உண்டு. மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை என்று போய்க் கடைசியில் அது. பகைவனிடமிருந்து வந்தவனைச் சேர்க்கலாம், ஆனால் 'தொல்படை'க்கு, அதாவது மூலப்படைக்கு, ஈடாக வைக்காதே என்பதே நம் மரபு. 'பகைப்படைச் சேர்க்கை' எனலாம்.

> பகைப்படைச் சேர்க்கை

அம்மா, இதைத்தான் ஒப்பந்தங்கள் தவிர்க்கப் பார்க்கின்றன. மொசாம்பிக்கில் 1992 ரோம் உடன்படிக்கை 30,000 பேர் கொண்ட படையில் அரசுக்குப் பாதி, கிளர்ச்சி இயக்கமான ரெனமோவுக்குப் பாதி என்றது. போரில் சலித்தவர்கள் வீட்டுக்குப் போகவே விரும்பியதால் சுமார் 12,000 பேர்தான் தேறினார்கள். புருண்டியில் எந்த இனமும் படையில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஏற்பாடு. இதில் யார் தொல்படை, யார் பகைப்படை? பெயரிலேயே ஒருவனைப் பகைவன் என்று குத்திவிட்டால் அவன் அங்கே எப்படி இருப்பான்? நேபாளத்தில் 'சமாயோஜன்' (பொருத்திச் சேர்த்தல்) என்றார்கள், எவரையும் சுடாத சொல். ஐ.நா. சரிபார்த்த 19,602 மாவோயிசப் போராளிகளில் சுமார் 1,400 பேரே கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தார்கள் என்பது வேறு கதை.

> சமாயோஜன்

வடசொல்!

நண்பர்களே,

நாளை வெள்ளி. பிராசாஜுக்கு 'உடைத்திணைப்பு', மிக்ஸாஜுக்கு 'ஒட்டிணைப்பு' என்று போட்டு அனுப்புகிறேன். தனிமடலில் மூவர் சரி என்றார்கள், ஒருவர் 'ஏதோ ஒன்று போடுங்கள்' என்றார். அவரையும் ஆதரவாகவே கொள்கிறேன்.

> உடைத்திணைப்பு

'உடைத்து' வினையெச்சம். அது 'இணைப்பு' என்னும் பெயரைக் கொண்டு எப்படி முடியும்? 'இணைத்தல்' என்றாலாவது பொறுக்கலாம். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். விரவலே சரி.